எரிசுடரும் குழாய்வழியும்: கடல் எண்ணெய்த் திட்டமிடலும் ஜோகூரும்

ஜோகூரின் வடபால், சிகாமட் நகரைச் சூழ்ந்த செம்பனைத் தோட்டங்களின் ஊடே, மண்ணுக்கடியில் ஒரு பெரிய எஃகுக் குழாய் செல்கிறது. மேலே நடப்பட்ட எச்சரிக்கைக் கற்களைத் தவிர அது இருப்பதற்கு வேறு அடையாளம் இல்லை. திரங்கானுக் கரையிலுள்ள கெர்த்தேயின் எரிவாயு ஆலைகளிலிருந்து தெற்கு நோக்கி வரும் அக்குழாய்வழி, சிகாமட்டுக்கு அண்மையில் இரண்டாகக் கிளைக்கிறது. ஒரு கிளை மேற்கே கிள்ளான் பள்ளத்தாக்கை நோக்கிச் செல்கிறது. மற்றொன்று நம் மாநிலத்தின் நெடுக்கே இறங்கிப் பாசீர் கூடாங் வழியாகச் சிங்கப்பூர் வரை போகிறது. தீபகற்ப எரிவாயுப் பயன்பாட்டுத் திட்டம் என அறியப்படும் பெருந்திட்டத்தின் இரண்டாம் கட்டம் இது. 1990களின் தொடக்கத்தில் முடிந்தது.

எண்ணெய் வளம் என்றதும் திரங்கானு, சரவாக், சபா ஆகிய பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஜோகூரை எவரும் எண்ணுவதில்லை. ஆயினும், கரையிலிருந்து 200 கிலோமீட்டர் அளவு தொலைவில் கடல்மேடைகளில் நடப்பனவற்றுக்கும் நம் மின்விளக்குகளுக்கும் உள்ள தொடர்பு சிகாமட்டின் மண்ணுக்குள் கிடக்கிறது. அந்தத் தொடர்பு எவ்வாறு ஏற்பட்டது, அது ஏற்படுமுன் என்ன எரிந்தது, இன்று என்ன எரிகிறது என்பனவற்றை இவ்வுரையில் காண்போம். எண்ணெயை எவ்வளவு விரைவில் எடுப்பது, உடன் வரும் வாயுவை என்ன செய்வது, எத்தகைய பொறிகளை நிறுவுவது என்று தொடக்கத்தில் தாளில் எழுதப்படும் முடிவுகளே, பின்வரும் முப்பது நாற்பது ஆண்டுகளின் எரிபொருட் செலவையும் கரிவளியின் அளவையும் பெரும்பாலும் தீர்த்துவிடுகின்றன என்பது நம் கருத்து.

சொற்களைப் பற்றி முதலில் சிறிது கூறுவது இவ்வரிசைக்குப் பொருந்தும். நம் வீடுகளில் வழங்கிய ‘மண்ணெண்ணெய்’ என்னும் சொல்லும், மலாய் மக்கள் வழங்கும் ‘மின்யாக் தானா’ என்னும் சொல்லும் ஒரே பொருளைத் தருவன. இரண்டுமே மண்ணிலிருந்து வந்த எண்ணெய் என்பதைத்தான் சொல்கின்றன. நம் தமிழ்ப்பள்ளிகளில் உயிர்வளி, கரிவளி என்னும் சொற்கள் வழக்கில் இருப்பதால் இங்கும் அவற்றையே ஆள்கிறோம். எண்ணெய்க் கிணற்றில் எண்ணெயோடு கலந்து மேலே வரும் எரிவாயுவுக்கு நிலைபெற்ற தமிழ்ச்சொல் இன்னும் அமையவில்லை. அதை ‘உடன்வரு வாயு’ என்று குறிப்போம். ஆசிரியர்கள் இதனினும் நல்ல சொல் ஒன்றைக் கண்டால் நமக்கு மகிழ்ச்சியே.

மலேசியாவின் எண்ணெய் வரலாறு 1910ஆம் ஆண்டு மிரியின் குன்றின்மேல் தோண்டப்பட்ட கிணற்றிலிருந்து தொடங்குகிறது. அக்கிணறு 1972 வரை பயன்பட்டது. கடலடி எண்ணெய் சரவாக்கின் மேற்கு லூத்தோங் வயலில் 1968இல் எடுக்கப்பட்டது. தீபகற்பத்தின் கிழக்கே, திரங்கானுக்கு அப்பாலுள்ள தாப்பிஸ் வயலை எஸ்ஸோ நிறுவனம் 1969இல் கண்டறிந்தது. ஆனால் அங்கிருந்து எண்ணெய் வரத் தொடங்கியது 1978இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் உலகமே மாறியிருந்தது. 1973இல் எண்ணெய் விலை ஏறியது. 1974இல் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் நிறைவேறி, அவ்வாண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் பெட்ரோனாஸ் தோன்றியது. அதன் முதல் தலைவர் தெங்கு ரசாலி ஹம்சா. நாட்டின் எண்ணெய் வளம் முழுவதும் அந்நிறுவனத்தின் உடைமையாயிற்று. ஆகவே, 1978க்குப் பின் ஒரு வயலை எப்படி நடத்துவது என்பது எண்ணெய் எடுக்கும் நிறுவனத்தின் வணிகக் கணக்காக மட்டும் இருக்க இயலவில்லை. நாட்டின் கணக்கும் அதனுள் நுழைந்தது.

எண்ணெய் தரைக்கடியில் தனியே இருப்பதில்லை. பாறையின் நுண்துளைகளில் மிகுந்த அழுத்தத்துக்கு உட்பட்டுக் கிடக்கும்போது பெருமளவு வாயு அதில் கரைந்திருக்கிறது. மூடியைத் திறந்ததும் சோடாப்புட்டியில் குமிழி எழுவதைப்போல, எண்ணெய் மேலே வந்து அழுத்தம் குறைந்ததும் அவ்வாயு பிரிந்து வெளிப்படும். கப்பலில் ஏற்றத்தக்கது எண்ணெய். வாயுவை அங்ஙனம் ஏற்ற இயலாது. அதற்குக் குழாய் வேண்டும், அழுத்தப்பொறி வேண்டும், கரையில் வாங்குவோரும் வேண்டும். இவை இல்லாதவிடத்து, மேடையின் ஓரத்தில் நீண்ட கையைப்போல் நீட்டிய குழாயின் நுனியில் வைத்து அதனை எரித்துவிடுவார்கள். அதுவே எரிசுடர். எரிக்காமல் காற்றில் விடுவது இன்னும் தீது. எரியாத மீத்தேன், நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தாலும், அதே எடையுள்ள கரிவளியைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

எரிசுடரின் கணக்கை மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்கலாம். 1,000 கன அடி இயற்கை எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ 54 கிலோகிராம் கரிவளி உண்டாகும். நாளொன்றுக்கு 100 மில்லியன் கன அடி எரிவதாகக் கொண்டால் ஒரு நாளில் 5,400 டன். ஓராண்டில் 2 மில்லியன் டன்னுக்குச் சற்றே குறைவு. இதில் ஒரு விளக்குகூட எரிந்திருக்காது. ஓர் ஆலைகூட ஓடியிருக்காது.

இதே காலத்தில் கரையில் என்ன நடந்தது? 1980இல் நாட்டின் மின்னாக்கத்தில் ஏறத்தாழ 88 விழுக்காடு எண்ணெயை எரித்துப் பெறப்பட்டது. மின்கம்பி எட்டாத பல தோட்டங்களில் டீசல் ஜெனரேட்டரே துணை. மாலையில் அதனைத் தொடக்கி இரவு பத்து மணியளவில் நிறுத்திவிடுவார்கள். அதற்குமேல் படிக்க விரும்பிய பிள்ளை மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான். இதனைப் படிக்கும் மூத்த ஆசிரியர்களுள் சிலர் அவ்விளக்கின் முன் அமர்ந்து படித்தவர்களாகவே இருப்பர். லயன் வீடுகளில் விளக்கு அணைந்த பின்னரும் தென்சீனக் கடலில் சுடர் அணையாமல் எரிந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு குழாய் இல்லை என்பதே குறை.

அக்குழாய் வந்த கதையில் சுற்றுச்சூழல் என்னும் சொல் மிக அரிதாகவே தலைகாட்டுகிறது. 1979இல் தேசிய எரிசக்திக் கொள்கை, 1980இல் தேசிய இருப்புத்தேய்வுக் கொள்கை, 1981இல் நான்கு எரிபொருள் கொள்கை என மூன்று முடிவுகள் அடுத்தடுத்து வந்தன. மின்னாக்கம் எண்ணெய் ஒன்றையே நம்பியிராமல் எரிவாயு, நீர்வலு, நிலக்கரி ஆகியவற்றையும் சார வேண்டும் என்றது கடைசிக் கொள்கை. இரண்டாவதுதான் நம் பொருளுக்கு நெருக்கமானது. 400 மில்லியன் பீப்பாய்க்கு மேற்பட்ட எண்ணெய் உள்ள பெரிய வயல்களில், தொடக்கத்தில் இருந்த எண்ணெயின் அளவில் 1.75 விழுக்காட்டுக்கு மேல் ஓராண்டில் எடுக்கலாகாது என்று அது வரம்பிட்டது. 1985இல் அவ்வரம்பு 3 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. வருங்காலத் தலைமுறைக்கு எண்ணெய் எஞ்ச வேண்டும் என்பதே நோக்கம். கரிவளியைப் பற்றிய கவலை அன்று எந்நாட்டின் எண்ணெய்க் கொள்கையிலும் இடம்பெற்றிருக்கவில்லை.

ஆயினும் அக்கொள்கைகளின் பயன் கரிவளிக் கணக்கிலும் வந்து விழுந்தது. 1984இல் டூயோங் வயலின் எரிவாயு கெர்த்தேக்கு வந்தது. குழாய்வழியின் முதற்கட்டம் திரங்கானுவுக்குள் முடிந்தது. எண்ணெய் வயல்களின் உடன்வரு வாயுவும் கரைக்கு வர வழி பிறந்தது. பின்னர் 700 கிலோமீட்டருக்கு மேற்பட்ட இரண்டாம் கட்டம் சிகாமட் வழியே மேற்கும் தெற்கும் சென்றது. பாசீர் கூடாங்கின் சுல்தான் இஸ்கந்தர் மின்நிலையம் எரிவாயுவைப் பெற்றது. 1992இல் சிங்கப்பூரின் செனோக்கோ மின்நிலையத்துக்கும் அது போய்ச் சேர்ந்தது. 2000ஆம் ஆண்டில் நாட்டின் மின்னாக்கத்தில் எண்ணெயின் பங்கு 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கி, எரிவாயுவின் பங்கு 77 விழுக்காடாக உயர்ந்திருந்தது.

இதன் பொருளை ஒரு சிறு கணக்கால் காட்டுவோம். ஒரே அளவு வெப்பத்தைத் தர எரிவாயு 56 பங்கு கரிவளியை வெளியிடுமானால், மின்நிலைய எண்ணெய் ஏறத்தாழ 77 பங்கை வெளியிடும். குழாய் இல்லாதபோது கடலில் வீணே எரியும் வாயு 56, கரையில் மின்னுக்காக எரியும் எண்ணெய் 77, ஆக 133. குழாய் வந்தபின் அதே மின்னுக்கு 56 மட்டுமே. மின்நிலையத்தின் பொறியை மாற்றியதால் கிடைத்ததைவிட, கடலில் வயலைத் திட்டமிடும்போதே வாயுவுக்கு வழி வகுத்ததால் கிடைத்த மிச்சம் பெரிது. ஆனால் இக்கணக்கை அளவுக்கு மீறிப் போற்றவும் கூடாது. கெர்த்தேக்கு வந்த வாயு முழுவதும் சுடரிலிருந்து மீட்கப்பட்டதன்று. டூயோங் போன்ற வயல்கள் வாயுவுக்காகவே திறக்கப்பட்டவை. அத்துடன், உள்நாட்டில் எரிக்காமல் மிச்சமான எண்ணெய் மண்ணிலேயே தங்கிவிடவில்லை. கப்பலேறி வேறு நாட்டில் எரிந்தது. நம் வானில் குறைந்த புகையில் ஒரு பகுதி பிறர் வானில் கூடியது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பெட்ரோனாஸ் தோன்றிய அதே 1974இல் மும்பைக்கு மேற்கே, கடலில், ‘பம்பாய் ஹை’ எனப்படும் பெருவயல் கண்டறியப்பட்டது. 1976இல் எண்ணெய் வந்தது. அங்கும் உடன்வரு வாயுவில் பெரும்பகுதி பல ஆண்டுகள் எரிசுடரில் போயிற்று. வடமாநிலங்களுக்கு நெடுங்குழாய் முடிந்தது 1980களின் பிற்பகுதியில்தான். அவ்வயலை 1980களில் வேண்டிய அளவுக்குமேல் விரைந்து கறந்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு இந்தியாவில் நெடுநாள் ஒலித்தது. 1990களின் தொடக்கத்தில் பாறையின் அழுத்தம் தளர்ந்து உற்பத்தி சரிந்தது உண்மை. விரைந்து எடுத்தால் அழுத்தம் விழும்; அழுத்தம் விழுந்தால் எஞ்சிய எண்ணெயை வெளிக்கொணரக் கூடுதல் ஆற்றலைச் செலவிட வேண்டும். மலேசியாவின் வரம்பு இந்த இடர்ப்பாட்டைப் பெரிதும் தவிர்த்தது என்றே நாம் எண்ணுகிறோம். அதற்கும் ஒரு விலை உண்டு. அதனைக் காணக் கடல்மேடைக்குள் நுழைய வேண்டும்.

கடல்மேடை ஒரு சிற்றூரைப் போன்றது. ஊருக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே ஆக்கிக்கொள்கிறது. வயலின் வாயுவில் ஒரு பகுதியை எரித்துச் சுழலிகளை ஓட்டுகிறார்கள். அச்சுழலிகள் எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டையே வேலையாக மாற்றுகின்றன. மிச்சம் சூடான காற்றாகப் போய்விடுகிறது. அவ்வேலையைப் பெரிதும் விழுங்குவன இரண்டு. ஒன்று, வாயுவைக் குழாய்க்குள் தள்ளும் அழுத்தப்பொறி. மற்றொன்று, பாறைக்குள் கடல்நீரைச் செலுத்தும் பம்பு. எண்ணெய் வெளியேறிய இடத்தை நீரால் நிரப்பினால்தான் அழுத்தம் நிலைக்கும். ஆனால் ஆண்டுகள் செல்லச்செல்ல, செலுத்திய நீரும் பாறையில் முன்னரே இருந்த நீரும் எண்ணெயோடு சேர்ந்தே மேலேறி வருகின்றன.

ஒரு கனமீட்டர் நீரை 150 வளிமண்டல அழுத்தத்தில் பாறைக்குள் செலுத்துவதாகக் கொள்வோம். இதற்குக் குறைந்தது 4.2 கிலோவாட்மணி ஆற்றல் வேண்டும். பம்பின் இழப்பையும் சுழலியின் இழப்பையும் சேர்த்தால், எரிக்க வேண்டிய வாயுவின் வெப்பம் ஏறத்தாழ 18 கிலோவாட்மணி; அதிலிருந்து எழும் கரிவளி சுமார் மூன்றரைக் கிலோகிராம். இனி, மேலே வரும் நீர்மத்தில் பாதி எண்ணெயாகவும் பாதி நீராகவும் இருக்கும் வயலை எடுத்துக்கொள்வோம். ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு இரண்டு பீப்பாய் நீரைச் செலுத்த வேண்டும். வயல் முதிர்ந்து, பத்துப் பங்கில் ஒன்பது நீராகிவிட்டால், அதே ஒரு பீப்பாய்க்குப் பத்துப் பீப்பாய் நீர். கரிவளி ஐந்து மடங்கு. மேடையின் பணியாளர் எவ்வளவு திறமையாக வேலை செய்தாலும் இக்கணக்கு மாறாது.

பொறிகளின் அளவிலும் இதே சிக்கல் இருக்கிறது. உற்பத்தி உச்சத்தில் இருக்கும் சில ஆண்டுகளுக்கு ஏற்பப் பெரிய சுழலிகளை நிறுவுகிறார்கள். உச்சம் கடந்தபின் அவை பாதிச் சுமையில் ஓடுகின்றன. பத்துப் பேருக்குச் சமைக்கும் அடுப்பில் இருவருக்குச் சமைப்பது போன்றது அது. சுமை குறைந்தாலும் எரிபொருள் அந்த அளவுக்குக் குறைவதில்லை. உற்பத்தியை வரம்புக்குள் வைத்து வயலின் ஆயுளை நீட்டும் கொள்கை உச்சத்தைத் தாழ்த்துகிறது, அது நன்று. ஆனால் நீர் மிகுந்த, சுமை குறைந்த முதுமைக் காலத்தையும் அது நீட்டக்கூடும். அந்த முதுமையில் ஒவ்வொரு பீப்பாயும் கூடுதலாகப் புகைகிறது. எந்தக் கிணற்றை எப்போது மூடுவது, எந்தப் பொறியை எப்போது நிறுத்துவது என்பதைக் கரிவளியையும் ஒரு செலவாகக் கொண்டு தொடக்கத் திட்டத்திலேயே எழுத வேண்டும் என்று இன்று பொறியாளர்கள் கூறுவது இதனால்தான். 1980இல் அக்கேள்வியைக் கேட்க எவருக்கும் தோன்றவில்லை. அதனைக் குறையாகச் சொல்லவும் இயலாது.

தாப்பிஸ் இன்று முதிய வயல். பெட்ரோனாஸும் எக்சோன்மோபிலும் சேர்ந்து 2014இல் அங்கே புதிய மேடையொன்றை இயக்கத்துக்குக் கொண்டுவந்து, நீரையும் வாயுவையும் மாறிமாறிப் பாறைக்குள் செலுத்தும் முறையைத் தொடங்கின. பாறையில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும் எண்ணெயை வெளியேற்றுவதே அதன் நோக்கம். கரைக்கு வந்திருக்கக்கூடிய வாயுவின் ஒரு பகுதி, அழுத்தப்பொறியின் வழியே மீண்டும் கீழே போகிறது. இத்தகைய முடிவை எடுக்கும்போது வாயுவின் மூன்று பயன்களை ஒரே தராசில் வைக்க நேர்கிறது: கரையில் ஆக்கும் மின்சாரம், பாறையிலிருந்து வரும் எண்ணெய், மேடையில் ஓடும் பொறி. பாசீர் கூடாங்கின் மின்நிலையம் அத்தராசின் ஒரு தட்டில் இருக்கிறது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

கரிவளி வேறொரு வழியிலும் வருகிறது. சில வயல்களில் வாயுவோடு கரிவளியே பெருமளவு கலந்து கிடக்கிறது. சரவாக்கின் கடலில் 1970இல் கண்டறியப்பட்ட கே5 என்னும் வயலின் வாயுவில் ஏறத்தாழ 70 விழுக்காடு கரிவளி. அதனாலேயே அது பல்லாண்டுகளாகத் தொடப்படாமல் இருந்தது. இத்தகைய வாயுவை விற்குமுன் கரிவளியைப் பிரித்தாக வேண்டும். பிரித்ததைக் காற்றில் விடுவதே எளிது. உலகெங்கும் அதுவே வழக்கமாயிருந்தது. நார்வே 1991இல் கடல்மேடைகளின் கரிவளிக்கு வரி விதித்தது. அவ்வரி வந்தபின் கணக்கு மாறிற்று. அந்நாட்டின் ஸ்லைப்னர் வயலில், பிரித்த கரிவளியை 1996 முதல் கடலடியிலுள்ள உப்புநீர்ப் பாறைக்குள் செலுத்திவருகிறார்கள். தொடக்க ஆண்டுகளில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லியன் டன்னாக இருந்தது.

பெட்ரோனாஸ் 2020 நவம்பரில், 2050க்குள் நிகரக் கரிவளி வெளியேற்றத்தைச் சுழியாக்கும் விழைவை அறிவித்தது. ஈராண்டு கழித்து, பிந்துலுவுக்கு அப்பாலுள்ள கசவாரி வயலின் கரிவளியைப் பிரித்து, எண்ணெயோ வாயுவோ தீர்ந்த பழைய வயலொன்றில் புதைக்கும் திட்டத்துக்கு இறுதி ஒப்புதல் அளித்தது. ஆண்டுக்கு 3.3 மில்லியன் டன் வரை புதைக்கலாம் என்பது திட்டத்தின் மதிப்பீடு. ஸ்லைப்னரைப்போல் மும்மடங்கு என்க. அதற்கான மேடையைக் கட்டும் பொறுப்பு பாசீர் கூடாங்கின் கட்டுதளத்துக்கு வந்தது. 1973இல் கப்பல் பழுதுபார்ப்பதற்கெனத் தோன்றிய அத்தளம், சபாவின் ஆழ்கடல் வயல்களான குமுசுட்-காக்காப், மாலிக்காய் ஆகியவற்றின் மிதக்கும் மேடைகளையும் ஆக்கித் தந்தது. எரிவாயு 1990களில் ஜோகூருக்குக் குழாயாக வந்தது. இப்போது கரிவளியைப் புதைக்கும் எஃகு ஜோகூரிலிருந்து கடலுக்குப் போகிறது. அம்மேடையின் அழுத்தப்பொறிகளும் வாயுவை எரித்தே ஓட வேண்டியவை. எனவே புதைத்த அளவு முழுவதையும் மிச்சமெனக் கொள்ளலாகாது. புதைக்கச் செலவிட்டதைக் கழித்தே எண்ண வேண்டும்.

கரிவளியைப் பிடித்துப் பயன்படுத்தவும் புதைக்கவும் வழிவகுக்கும் சட்டத்தை நம் நாடாளுமன்றம் 2025 மார்ச்சில் நிறைவேற்றியது. அது தீபகற்பத்துக்கும் லபுவானுக்கும் உரியது. சரவாக் அதற்கு முன்பே, 2022இல், தனக்கெனக் கரிவளிச் சேமிப்பு விதிகளை வகுத்துக்கொண்டது. கசவாரி சரவாக்கின் கடலில் இருக்கிறது. அதன் மேடையைக் கட்டும் பொறுப்பு ஜோகூருக்கு வந்தது. தாப்பிசும் அதன் முதிய அண்டை வயல்களும் தீபகற்பச் சட்டத்தின் எல்லைக்குள் வருகின்றன. அவ்வயல்கள் ஒவ்வொன்றாக வற்றும்போது, காலியான பாறைகளில் எவ்வெவற்றை மூடிவிடுவது, எவ்வெவற்றைக் கரிவளிக்கென ஒதுக்குவது என்னும் திட்டத்தை எழுதப்போகிறவர்களுள் சிலர், இந்நூலை இன்று கையில் வைத்திருக்கும் மாணவர்களாகவும் இருக்கக்கூடும்.